மஞ்சள் தலைக் குளவி

தெற்கு பிரான்சில் கோடை வந்தால் ஒரு பெரிய கருங்குளவி பூக்களின் மேல் வந்து உட்காரும். பெண் குளவி நாலு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், இறக்கையை விரித்தால் பத்து. ஐரோப்பாவிலேயே பெரிய குளவி இதுதான். பெயர் ஸ்கோலியா. ஆனால் அங்கே பலர் இதைப் பார்த்ததும் "ஆசியக் கதண்டு" என்று அலறுகிறார்கள்.

ஆவிஞோன் பக்கம் குடியிருக்கும் என் அக்கா மகனும் அப்படித்தான். லாவண்டர் செடியில் ஒன்றைப் பார்த்துவிட்டு மருந்து டப்பாவோடு வந்தான்.

"மாமா, தள்ளிக்குங்க. கொட்டினா ஆஸ்பத்திரிதான்."

"இருப்பா, தலையைப் பாரு முதல்ல."

ஆசியக் கதண்டின் மேல் அவனுக்குள்ள கோபம் நியாயம். 2004 வாக்கில் பிரான்சுக்குள் வந்து தேனீக்களைப் பிடித்துத் தின்கிறது. ஆனால் அது மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாது. கால் நுனி மஞ்சள், வால் பக்கம் அகலமாக ஒரே ஆரஞ்சுப் பட்டை. ஸ்கோலியாவுக்கோ உடம்பெல்லாம் கருமயிர், வயிற்றின் மேல்புறம் நாலு மஞ்சள் பொட்டு. பெண்ணுக்குத் தலை மொட்டையாக, மஞ்சளாக இருக்கும், மீசை குட்டை. ஆணுக்குக் கறுப்புத் தலை, நீள மீசை. ஆணுக்குக் கொடுக்கு கிடையாது. பெண்ணுக்கு உண்டு, ஆனால் காக்க ஒரு கூடு இல்லாததால் மனிதரை நாடி வந்து கொட்டாது. ஒவ்வொன்றாகக் காட்டினேன். டப்பாவைக் கீழே வைத்துவிட்டான்.

அந்தக் கொடுக்கு வேறொரு வேலைக்கு. நம் தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டுக்கு அங்கே ஒரு பங்காளி உண்டு. அதன் கொழுத்த வெள்ளைப் புழு எருவிலும் மக்கிய மரத்திலும் வளரும். ஸ்கோலியா உள்ளே தோண்டிப் போய், அதைக் கொட்டி அசையாமல் செய்து, வயிற்றில் ஒரே ஒரு முட்டை ஒட்டிவிட்டு வரும்.

ஃபாப்ர் இதன் உறவான இருபட்டை ஸ்கோலியாவைத் தேடி 1857-இல் ஆவிஞோன் அருகே காட்டில் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். 1880-இல்தான் தம் தோட்டத்து இலைமக்குக் குவியலில் அதன் குடித்தனம் சிக்கியது. குளவிக்குஞ்சு உயிருக்கு அவசியமில்லாத பாகங்களை முதலில் தின்னுமாம், இரை கடைசிவரை கெடாமல் இருக்க. குஞ்சைப் பிடுங்கி வேறு இடத்தில் கடிக்க விட்டார் மனிதர். புழு அழுகிப்போனது, குஞ்சும் செத்தது. பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவர்கள் 1886-இல் வந்த மூன்றாம் தொகுதியைத் தேடிப் படியுங்கள்.

அங்கே பிள்ளைகள் இருக்கிறவர்கள் ஒன்று சொல்லி வையுங்கள்: குளிர்காலம் முழுக்க எருக்குவியலுக்குள் அதன் கூட்டுப்புழு இருக்கும். கிளறுவதைக் கோடை வரை தள்ளிப்போடட்டும்.