செய்தியில் எழுவாய் எங்கே?

காலை 6.45 மாநிலச் செய்தியைக் கேட்கும் பெரியவர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். மயிலாப்பூர் காமராசர் சாலையில் கடலைப் பார்த்து நிற்கிற நிலையத்திலிருந்து வரும் அந்தத் தமிழை இளைய தோழர்களும் ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இந்தியாவில் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க முடியாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே மறுஒலிபரப்பலாம், அவ்வளவுதான். ஆக, வானொலிச் செய்தியின் மொழி அரசின் மொழி.

சென்னையில் அகில இந்திய வானொலி தொடங்கியது 1938 ஜூன் 16இல். 'அக்கிராசனர்', 'காரியதரிசி', 'அபேட்சகர்' என்று பொதுமேடைத் தமிழ் பேசிய காலம் அது. இன்று தலைவர், செயலாளர், வேட்பாளர். (சில நாளேடுகள் மட்டும் 'சட்டசபை'யை இன்னும் விடவில்லை.) இந்த மாற்றம் தானாக வரவில்லை, போராடி வாங்கியது. 2023 மே மாதம் இனி 'ஆகாசவாணி' மட்டுமே என்று பிரசார் பாரதி உத்தரவிட்டபோதும் 'வானொலி'க்காகத் தமிழ்நாடு குரல் கொடுத்தது. இந்தக் கதை மேடைதோறும் சொல்லப்படுகிறது. நம் பெயரின் கதைக்குத்தான் மேடை கிடைப்பதில்லை.

எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தால் 1922லேயே 'ஆதி திராவிடர்' சென்னை மாகாண அரசாணையில் ஏறிவிட்டது. நாமே கேட்டு வாங்கிய பெயர் அது. பத்தாண்டு கழித்து காந்தி 'ஹரிஜன்' என்றார். 1938இல், சென்னை நிலையம் பிறந்த அதே ஆண்டில், பம்பாய் சட்டமன்றத்தில் அந்தச் சொல்லை எதிர்த்து அம்பேத்கர் வெளிநடப்புச் செய்தார். ஆனாலும் நம் பெற்றோர் காலம்வரை வானொலியில் நாம் ஹரிஜனங்கள்தான். 'யாரைக் கேட்டு எங்களைக் கடவுளின் பிள்ளைகள் ஆக்கினீர்கள்?' என்று ரேடியோப் பெட்டியைப் பார்த்துக் கேட்ட பாட்டிகளை நமக்குத் தெரியும். பிறகு தாழ்த்தப்பட்டோர், அதன்பின் பட்டியல் சாதியினர். நாமே தேர்ந்துகொண்ட 'தலித்' வந்ததும், 2018 ஆகஸ்டில் அந்தச் சொல்லைத் தவிர்க்கும்படி தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் தொலைக்காட்சிகளுக்கு அறிவுறுத்தியது. சான்றிதழில் 'பட்டியல் சாதி' இருக்கட்டும், அது சட்டத்தின் சொல். நம்மை நாம் அழைத்துக்கொள்ளும் பெயரை முடிவு செய்ய அமைச்சகத்துக்கு என்ன வேலை?

பெயர்ச்சொற்களாவது இத்தனை முறை மாறின. வினைச்சொற்களைப் பாருங்கள். ஊருக்குள் புகுந்து சேரியை அடித்தால் 'இரு தரப்பினரிடையே மோதல்'. குடிநீரில் மலம் 'கலக்கப்பட்டது'. இளைஞர் 'தாக்கப்பட்டார்'. வீடுகள் 'சேதமடைந்தன', ஏதோ புயலில் விழுந்ததுபோல. நல்ல தமிழ், பிழையற்ற தமிழ், திருத்தமான உச்சரிப்பு. எழுவாய் மட்டும் இல்லை. அடித்தவருக்குச் சாதி உண்டு என்பதை 'பட்ட' என்கிற ஒரு விகுதி விழுங்கிவிடுகிறது. வானொலி மட்டுமல்ல, நாளேடும் தொலைக்காட்சியும் பழகிய இலக்கணம்தான் இது. சில சமயம் நம் துண்டறிக்கைகளிலும் எட்டிப் பார்க்கிறது.

வானொலி நிலையத்திலிருந்து தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகர். 2022 மே மாதம் பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகள் அங்கே இடிக்கப்பட்டன. ஒருவர் தீக்குளித்து இறந்தார். செய்தித் தமிழில் இதற்கு 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்று பெயர். பல பத்தாண்டு வாழ்ந்தவர்கள் ஒரே சொல்லில் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். அதே கால்வாயின்மேல் தூண் நட்டுப் பறக்கும் ரயில் ஓடுகிறது, அது 'திட்டம்'.

மாணவர் வட்டத்தில் இப்போது ஒரு பயிற்சி செய்கிறோம். ஒரு செய்தி வாக்கியத்தை எடுத்து, செயப்பாட்டு வினையைச் செய்வினையாக்கி எழுதச் சொல்வோம். 'வீடுகள் அகற்றப்பட்டன' என்பதற்கு முதல்நாள் மூன்று விடைகள் வந்தன: அதிகாரிகள் அகற்றினார்கள், நீதிமன்றம் அகற்றியது, அரசு அகற்றியது. எது சரி என்று இரண்டு மணி நேரம் சண்டை. கடைசியில் உத்தரவின் நகலைத் தேடிப் படிப்பதென்று முடிவானது.