இரண்டாகக் கழற்றும் இறக்கை

உங்கள் வீட்டுப் பிள்ளை தன் கையால் செய்த விமானத்தை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போகச் சொன்னால், தயவு செய்து நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

1982-ஆம் ஆண்டு. என் மகன் அப்போது இரண்டாம் படிவம். பள்ளியில் மாதிரி விமானப் போட்டி என்று அறிவித்தார்கள். தீபாவளிக்குப் பாட்டி கொடுத்த காசு, கோழி முட்டை விற்ற காசு எல்லாம் சேர்த்து, பட்டணத்துக் கடையில் ஒரு விமானப் பெட்டி வாங்கி வந்தான். உள்ளே பால்சா மரக் குச்சிகள், மெல்லிய தாள், ஒரு விசிறி, ரப்பர் பட்டை. பால்சா தென்னமெரிக்காவில், ஈக்குவடோர் காடுகளில் வளரும் மரம். நகம் பட்டால் பள்ளம் விழும், அவ்வளவு மென்மை. எங்கள் லயத்தில் இரவு பத்து மணிக்கு மின்சாரம் நின்றுவிடும். அதற்குப் பிறகு மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஒட்டினான்.

முடிந்ததும் ஆசிரியரிடம் காட்ட வேண்டும் என்றான். இறக்கை 30 அங்குலம், ஒரே துண்டு. பஸ்ஸில் கொண்டு போனால் நசுங்கும் என்று நான்தான் மோட்டார் சைக்கிளின் பின்னால் குறுக்கே வைத்துக் கட்டினேன். "நான் கையில பிடிச்சிக்கிறேம்பா" என்றான். "கயிறு இருக்கு, சும்மா உட்காரு" என்றேன். செம்மண் சாலையைத் தாண்டிப் பெரிய சாலையில் ஏறியதும் எதிரே ஒரு பலகை லாரி. அதன் காற்று அடித்த அடியில் இறக்கை நட்டநடுவில் ஒடிந்தது.

அவன் அழவில்லை. "பரவால்லப்பா" என்றான். திட்டியிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும். நான்கு நாள் வீட்டில் சாப்பிட்டான், படித்தான், என்னிடம் பேசவில்லை.

ஐந்தாம் நாள் வெளிக்காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒடிந்ததுதான் ஒடிந்தது, ஏன் ஒட்ட வேண்டும்? இரண்டாகவே இருக்கட்டும். போகும்போது கழற்றிக்கொள்ளலாம், பறக்கும்போது மாட்டிக்கொள்ளலாம்.

என் சைக்கிளிலிருந்து ஆரக்கம்பி ஒன்றைக் கழற்றினேன். (வீட்டுக்காரி பார்த்துவிட்டு, "நாளைக்குச் சக்கரத்தையும் கழட்டுவீங்க" என்றாள்.) கம்பியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, அதன்மேல் பழுப்புத் தாளைப் பசை தடவிச் சுற்றினோம். காய்ந்ததும் கம்பியை உருவினால் உறுதியான தாள் குழாய் கிடைக்கும். ஒவ்வொரு பாதி இறக்கையிலும் முதல் மூன்று எலும்புகளைத் துளைத்து ஒரு குழாயை நுழைத்து, நூல் சுற்றி ஒட்டினோம். ஒரே எலும்பில் நின்றால் பாரம் தாங்காமல் கிழித்துக்கொண்டு வந்துவிடும். பால்சாவின் ஓரம் நசுங்காமலிருக்கத் தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு படலம் உரித்து முகப்பில் ஒட்டினான். அது அவன் யோசனை.

கம்பியை நடுவில் லேசாக வளைத்தோம், இறக்கை முனைகள் இரண்டு அங்குலம் மேலே தூக்கி நிற்கும் அளவுக்கு. அப்படித் தூக்கியிருந்தால்தான் விமானம் பக்கவாட்டில் சாய்ந்தாலும் தானே நிமிரும். கம்பி ஒன்று மட்டும் இருந்தால் இறக்கை அதைச் சுற்றித் திரும்பிக்கொள்ளும். அதனால் பின்பக்கம் சத்தே குச்சித் துண்டு ஒன்றைச் செருகினோம். இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்க, அடியில் சிறு கொக்கிகளும் ஒரு ரப்பர் வளையமும்.

வேலையின் நடுவே அவன் வாய் திறந்தான். 1871-இல் பாரிஸ் தோட்டம் ஒன்றில் அல்ஃபோன்ஸ் பெனோ என்பவர், முறுக்கிய ரப்பரால் ஓடும் சிறு விமானத்தை 11 விநாடி பறக்கவிட்டாராம். நூலகப் புத்தகத்தில் படித்ததாகச் சொன்னான். கித்தாக் கன்றுகள் சிங்கப்பூர் வழியாகக் கோலகங்சாருக்கு வந்தது 1877-இல். அதற்கு முன்பே ரப்பர் பறந்திருக்கிறது! நாம் காலங்காலமாக மரம் வெட்டுகிறோம், இது எனக்குத் தெரியாது.

கம்பி, குழாய் எல்லாம் சேர்த்ததால் எடை கூடியது. இறக்கையின் அகலத்தில் முன்னிருந்து மூன்றில் ஒரு பங்கு இடத்தில் இரண்டு விரலால் தாங்கிப் பார்த்தோம். வால் தாழ்ந்தது, மூக்கில் கொஞ்சம் களிமண் வைத்தோம். லாலான் புல் மேட்டில் கையால் மெல்ல விட்டு, தலை தூக்கித் தயங்காமல் சமமாக இறங்கும்வரை களிமண்ணைக் கூட்டிக் குறைத்தோம். ரப்பர் பட்டைக்கு விளக்கெண்ணெய் தடவினால் முறுக்கு அதிகம் ஏற்றலாம், அறுந்துபோகாது.

போட்டியில் அவனுக்குப் பரிசு கிடைக்கவில்லை. இரண்டாம் முறை விட்டபோது விமானம் கோல் கம்பத்தில் நேராக மோதியது. "ஐயோ" என்று கூட்டம் கத்தியது. இறக்கைகள் இரண்டும் கழன்று தனித்தனியே விழுந்தன, அவ்வளவுதான். ஒரே துண்டாக இருந்திருந்தால் மறுபடி ஒடிந்திருக்கும். அவன் ஓடிப்போய் எடுத்தான், கம்பியைச் செருகினான், ரப்பரை மாட்டினான். மூன்றாம் முறை என் கைக்கடிகாரத்தில் 38 விநாடி.

திரும்பும்போது பாதி இறக்கைகளைத் துண்டில் சுற்றிப் பள்ளிப் பைக்குள் வைத்து மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அதே பெரிய சாலை. எதிரே லாரி வருவதைக் கண்டு நான் வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டினேன்.

"போங்கப்பா, ஒண்ணும் ஆவாது" என்றான்.