பெரியப்பாவின் கன்னத்துக் கழலை

பொன்னுக்கு வீங்கி வந்தால் எங்க ஊர்ல கழுத்துல தங்கச் செயினைப் போட்டு விடுவாங்க. பெரியப்பாவுக்கு இடது காதுக்குக் கீழே புளியங்கொட்டை அளவு வீங்கினப்ப, பெரியம்மாவும் தன் செயினைக் கழட்டிப் போட்டுச்சு. பொன்னுக்கு வீங்கின்னா பத்து நாள்ல வடிஞ்சிரும். இது பதினாலு வருசம் இருந்தது.

வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சமயநல்லூர்லருந்து பரவை மார்க்கெட்டுக்குக் கத்தரிக்கா மூட்டையோட போவார், வருவார். வலிக்காத கட்டியை யாருங்க டாக்டர்கிட்ட காட்டுறது? மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பத்துப் போட்டார். அது பாட்டுக்கு எலுமிச்சை ஆச்சு, மாதுளை ஆச்சு, கடைசியில் காது மடலையே தூக்கிவிட்டது. கல்யாண வீட்டுப் போட்டோவில் எல்லாம் வலது பக்கம்தான் காட்டுவார். இடது பக்கம் துண்டு தொங்கும்.

"கத்தி வச்சா வாய் கோணிரும்"னு டீக்கடையில் சொல்லிட்டாங்க. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கு. காதுக்கு முன்னால் இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பிக்கு நடுவுலதான் முக நரம்பு போகுது. வாய்க்கால் மடை மடையாப் பிரியிற மாதிரி அஞ்சு கிளை. கண்ணை மூடுறது, சிரிக்கிறது எல்லாம் அதோட வேலை. கட்டியை மட்டும் மொச்சைக்கொட்டை மாதிரி பிதுக்கி எடுத்தா ஓடு கிழிஞ்சு சிதறி, சில வருசத்துல நாலஞ்சு இடத்துல முளைக்கும். கோரை புடுங்கினவங்களுக்கு இது புரியும். அதனால முதல்ல நரம்பைத் தேடிப் பிடிச்சு, கிளை கிளையாப் பிரிச்சு விட்டுட்டு, சுத்தியிருக்கிற சுரப்பியோட சேர்த்துக் கட்டியை எடுக்கிறாங்க.

ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்ததில் புற்று இல்லை. ஆனா ரொம்ப வருசம் விட்டா மாறலாம்னு டாக்டர் சொன்னார். அதுக்கும் அவர் அசையலை.

அப்பதான் ஜான் பர்லி கதையைச் சொன்னேன். 1785-ல், லண்டன்ல, கப்பலுக்குக் கயிறு கட்டுற ஆள். இதே இடத்துல தலை அளவுக்குக் கட்டி. ஜான் ஹண்டர்ங்கிற டாக்டர் 25 நிமிசத்துல வெட்டி எடுத்தார். எடை 4 கிலோ. மயக்க மருந்து வர இன்னும் அறுபது வருசம் இருந்த காலம். அந்த ஆள் கத்தவே இல்லையாம்.

"மயக்க ஊசி இல்லாமயா?" கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். "ஏய்யா, நமக்குப் போடுவாங்கல்ல?"

மதுரையில ஆபரேசன். நாலு மணி நேரம். முழிச்சதும் டாக்டர் கண்ணை மூடச் சொன்னார், மூடினார். பல்லைக் காட்டச் சொன்னார். கீழ் உதடு லேசா ஒரு பக்கம் இழுத்தது. பெரியம்மா வெளியே போய் அழுதுட்டு வந்துச்சு. மூணு மாசத்துல சரியாச்சு.

ஒண்ணுதான் பாக்கி. சாப்பிடும்போது இடது கன்னம் வேர்க்குது. எச்சில் சுரக்க வச்ச நரம்பு இழை, வெட்டுப்பட்டு வளரும்போது வழி மாறி வேர்வைச் சுரப்பியில போய்ச் சேர்ந்துடுதாம். நம்ம மடையைத் திறந்தா பக்கத்து வயல்ல தண்ணி பாயிற கதைதான். போலந்து டாக்டரம்மா லூசியா ஃப்ரே 1923-ல் விளக்கி எழுதினதால அவங்க பேரையே அதுக்கு வச்சிருக்காங்க.

பெரியம்மா இன்னும் நம்பலை, குழம்புல காரம் ஜாஸ்தின்னுதான் சொல்லுது. இப்பல்லாம் மாங்கா ஊறுகாயைப் பார்த்தாலே பெரியப்பா துண்டை எடுத்துக் கன்னத்துல வச்சுக்கிறார்.