மாத்தளை மலைப்பாதையில் ஐதரசன் வண்டி

கண்டியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் ஏ9 வீதி, கட்டுகஸ்தோட்டையையும் அக்குறணையையும் கடந்து மாத்தளையை நெருங்கும்பொழுது, இரு மருங்கிலும் மிளகுக் கொடிகளும் கொக்கோ மரங்களும் சாதிக்காய் மரங்களும் செறிந்து நிற்கின்றன. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்தில், மலைகள் அணைத்த பள்ளத்தாக்கில் அமைந்த நகரம் அது. 108 அடி உயர்ந்த முத்துமாரியம்மன் கோயில் இராசகோபுரம் தொலைவிலேயே கண்ணிற் படும். மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் பவனி வரும் வீதியும் இதுவே. நகருக்கு வடக்கே சிறிது தூரம் சென்றால், பௌத்தத் திரிபிடகம் கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்ற அலுவிகாரையைக் காணலாம்.

மாத்தளைக்கு மற்றொரு பெருமையும் உண்டு. அதனைத் துயரம் என்றுங் கூறலாம். 1830ஆம், 1840ஆம் ஆண்டுகளிலே கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் மக்கள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து கால்நடையாகவே இங்கு வந்து சேர்ந்தனர். பசியாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியிலே மாண்டவர் பலர். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது 1880ஆம் ஆண்டில்தான். அவ்வாறு நடந்து வந்தோரின் வழித்தோன்றல்களுள் பலர், இன்றும் தோட்டத்து லயங்களிலிருந்து பாடசாலைக்கு ஏற்றமும் இறக்கமுமான பாதையில் நடந்தே செல்கின்றனர். ஆதலால், மலிவானதொரு வாகனம் பற்றிய பேச்சு இவ்வூரில் வெறும் விநோதப் பேச்சு ஆகாது.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை நாம் மறந்துவிடவில்லை. அவ்வாண்டு யூலை மாதத்தில் கியூஆர் அட்டை முறை வந்தபோது, ஒரு மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலே கிடைத்தது. பரணிற் கிடந்த பழைய துவிச்சக்கரவண்டிகள் தூசி தட்டப்பெற்று வீதிக்கு வந்தன; புதியவற்றின் விலையோ மேலேறியது. பெற்றோல் இன்றி ஓடும் வண்டி எதுவென்று ஊரே சிந்தித்த காலம் அது. அச்சிந்தனையின் தொடர்ச்சியாகவே ஐதரசன் துவிச்சக்கரவண்டியின் தகுதியை மாத்தளை வீதிகளில் வைத்து எடைபோட விழைந்தோம்.

முதலில் அவ்வண்டி இன்னதென்று அறிவோம். பிரான்சு நாட்டின் பியாறிட்சு நகரிலுள்ள பிராக்மா என்னும் நிறுவனம் இதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. வண்டியிற் பொருத்திய 2 லீற்றர்க் கொள்கலத்தில், வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ 300 மடங்கு அமுக்கத்தில் ஐதரசன் அடைக்கப்பெறும். அவ்வாயு எரிபொருட் கலத்துக்குள் வளியிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மின்னையும் நீரையும் தரும். மின் மோட்டாரை உந்தும். நீர் ஆவியாய் வெளியேறும். புகை என்பதே இல்லை. ஒருமுறை நிரப்பினால் ஏறத்தாழ 100 கிலோமீற்றர் ஓடலாம். நிரப்புவதற்குச் சில நிமிடங்களே செல்லும். 2019ஆம் ஆண்டு அந்நகரில் ஜி7 நாட்டுத் தலைவர்கள் கூடியபோது இத்தகைய வண்டிகள் 200 அளவில் ஓடின.

நம் அண்டை நாட்டிலும் இத்துறையில் உழைத்தவர் உளர். காசி இந்துப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஓ. என். சிறிவாஸ்தவா, உலோகத் தூளினுள் ஐதரசனை உறிஞ்சவைத்துச் சேமிக்கும் முறையால் மோட்டார் சைக்கிள்களையே ஓட்டிக் காட்டினார். 2016ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பெற்றது. சீனத்தின் சாங்சோ நகரத்து வண்டிகளும் இவ்வாறு உலோகத்திற் சேமித்த, அமுக்கம் குறைந்த ஐதரசனையே பயன்படுத்துகின்றன.

இறத்தோட்டைப் பேருந்து நிலையத்தில் மாணவர் சிலரோடு இதுபற்றி உரையாடினோம். "சேர், அந்த வண்டி எங்கள் தோட்டத்து ஏற்றத்தில் ஏறுமா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அக்கேள்விக்குக் கணக்கினாலேயே விடை கூறலாம். ஆளும் வண்டியும் புத்தகப் பையுமாக 90 கிலோகிராம் என்று கொள்வோம். இப்பாரத்தை 1,000 மீற்றர் உயரத்துக்கு ஏற்றக் கால் அலகு மின்சக்தி போதும். வழியிலுண்டாகும் இழப்புகளைச் சேர்த்தாலும் அரை அலகுக்குள் அடங்கிவிடும். 2 லீற்றர்க் கொள்கலத்திற் கொள்ளும் ஐதரசன் 40 கிராம் அளவுதான். ஆயினும் அது அரை அலகுக்குச் சற்று மேற்பட்ட மின்னைத் தரும். ஆகவே இறத்தோட்டையிலிருந்து றிவர்ஸ்டன் மலைப்பக்கம் செல்லும் வளைவுகளில், மெதுவாகவேனும் வண்டி ஏறும்.

ஏறும் என்றவுடன் மகிழ்ந்துவிடலாகாது. அந்த ஐதரசன் எங்கிருந்து வரும்? மாத்தளைக்குத் தெற்கே உக்குவெலையில் ஒரு நீர்மின் நிலையம் உண்டு. பொல்கொல்லையில் மறிக்கப்பெறும் மகாவலி நீர் ஏறத்தாழ 8 கிலோமீற்றர் மலைச்சுரங்கத்தினூடாக இங்கு வந்து, ஏறத்தாழ 40 மெகாவாற்று மின்னைப் பிறப்பித்து, சுது கங்கையிற் கலக்கின்றது. 1976ஆம் ஆண்டு முதல் இயங்கும் நிலையம் இது. இத்தகைய மின்னினால் நீரைப் பகுத்தால் தூய ஐதரசன் கிடைக்கும். ஆனால் ஒரு கிலோகிராம் ஐதரசனைப் பெற 50 முதல் 55 அலகு வரை மின் செலவாகும். அதனை வண்டியின் கலத்திலிட்டால் திரும்பக் கிடைப்பது 16 அலகு அளவே. அதே 50 அலகை மின்கலத்தில் ஏற்றினால் 40 அலகுக்குக் குறையாமல் திரும்பப் பெறலாம். பத்துப்படி நெல்லைக் குத்தி மூன்றுபடி அரிசி காண்பது ஒரு வழி. எட்டுப்படி காண்பது மற்றொரு வழி. சிக்கனமான குடும்பம் எதனைத் தேர்ந்துகொள்ளும்?

விலையையும் நோக்குவோம். 2018ஆம் ஆண்டளவில் அப்பிரெஞ்சு வண்டி ஒன்றின் விலை ஏறத்தாழ 7,500 யூரோ. ஐதரசன் நிரப்பு நிலையத்துக்கோ 30,000 யூரோ அளவு வேண்டும். கொழுந்து பறித்து நாட்கூலி பெறும் தாய்க்கு இத்தொகை எட்டாக்கனி. பாதுகாப்பும் சிந்திக்கத்தக்கது. ஐதரசன் மிக இலேசானது; கசிந்தால் விரைந்து மேலெழுந்து கலைந்துவிடும். எனினும் வளியில் 4 வீதம் கலந்தாலே தீப்பற்றும். அதன் சுவாலை பகலொளியில் கண்ணுக்குப் புலப்படாது. நெருங்கிய லயத்து அறைகளுக்குள் வைத்துப் பழகத்தக்க பொருளன்று அது.

அங்ஙனமாயின் இவ்வண்டிக்கு இம்மாவட்டத்தில் இடமே இல்லையா? உண்டு. நாலந்தையையும் நாவுலையையும் கடந்து வடக்கே சென்றால் மலைகள் பின்வாங்கி, தம்புள்ளையும் சிகிரியாவும் சமவெளியில் விரிகின்றன. சிகிரியாச் சூழலில் உல்லாசப் பயணிகள் துவிச்சக்கரவண்டிகளை வாடகைக்கு எடுத்துச் சுற்றுகின்றனர். காலையிற் புறப்பட்டு மாலையில் ஒரே கொட்டிலுக்குத் திரும்பும் வண்டிகளுக்கு ஒரே ஒரு நிரப்பு நிலையம் போதும். 2025ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்தேவை குறைந்தமையால், கூரைச் சூரிய மின்னைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை மக்களை வேண்டியது. அவ்வாறு வீணாகும் மின்னைக்கொண்டு ஐதரசன் செய்தால் மேற்கூறிய நட்டமும் ஓரளவு பொறுக்கத்தக்கதாகும். பணம் படைத்த பயணி வாடகை தருவார். நம் இளைஞர் தொழில் கற்பர்.

ஆனால் இறத்தோட்டை மாணவிக்கு நாம் கூறும் விடை வேறு. வண்டி ஏறும், எனினும் இன்று அவளுக்கு வேண்டியது அதுவன்று. பற்சில்லுகள் பல பொருந்திய உறுதியான சாதாரணத் துவிச்சக்கரவண்டியும், குண்டுங்குழியுமற்ற தோட்டப் பாதையும், நேரந்தவறாத பேருந்துமே முதலில் வேண்டும். வசதி பெருகும்போது, இரவில் வீட்டிலேயே மின்னேற்றி மூன்று நான்கு கிலோகிராம் மின்கலத்தோடு ஓடும் வண்டி அடுத்த படியாகும். ஐதரசனை அவள் இப்போதைக்குப் பாடசாலை ஆய்கூடத்திற் சந்திக்கட்டும். நீரை மின்னாற் பகுத்து, ஒரு குழாயில் ஒட்சிசனும் மறு குழாயில் அதனைப்போல் இருமடங்கு ஐதரசனும் சேர்வதைத் தன் கண்ணாற் காணட்டும்.

நம் முன்னோர் தாம் நடந்த பாதையைத் தாமே தெரிந்துகொண்டாரல்லர். பிறர் காட்டிய வழியில் நடந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் தம் வாகனத்தைத் தாமே கணக்கிட்டுத் தெரிந்துகொள்ளும் கல்வியைப் பெறுதல் வேண்டும். அக்கல்விக்கூடத்துக்குக் களைப்பின்றிப் போய்ச்சேர வழி செய்வது பெரியோராகிய நம் கடமை.