விடுதலைப் படகு

கடற்செலவுக்குத் துணிவு ஒன்றே போதும் என்று கருதுவார் பலர். துணிவு வேண்டுவதே, ஆயினும், கரையில் இருக்கும்போதே ஆய்ந்து செய்யும் முன்னேற்பாடு இல்லையேல், அத்துணிவு அலைகடலில் நெடுநேரம் நில்லாது. இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கியவர் ஜோஷுவா ஸ்லோக்கம் என்னும் அமெரிக்க மீகாமர்.

1887ஆம் ஆண்டின் இறுதியில், அவருக்கு உரிய பாய்க்கப்பல் பிரேசில் நாட்டுப் பரனகுவா வளைகுடாவில் மணல்திட்டில் மோதிச் சிதைந்தது. அவர்தம் செல்வமும் அதனோடு அழிந்தது. மனைவி ஹெட்டியும், விக்டர், கார்பீல்டு என்னும் மைந்தர் இருவரும் உடனிருந்தனர். ஏதிலிகளைப் போலப் பிறர் கப்பலில் ஊர் திரும்ப அவர் மனம் ஒருப்படவில்லை. தாமே ஒரு படகு கட்டிக் கரையோரமாகவே தாய்நாடு சேர்வதென உறுதி பூண்டார்.

கையில் இருந்தவை கோடரி, வாய்ச்சி, இரம்பம் முதலிய சில கருவிகளே. பலகைகளை இறுகப் பிடிக்கும் இடுக்கிகளாக வளைந்த கொய்யாக் கிளைகள் உதவின. செப்புக் காசுகள் ஆணிகளுக்குரிய வில்லைகளாயின. படகு 35 அடி நீளமும் 7½ அடி அகலமும் 3 அடி ஆழமும் உடையதாய் அமைந்தது. சிலரே இருந்து கையாளுதற்கு எளிதென்று கருதிச் சீனப் படகுகளின் முறையில் பாய் அமைத்தார். அப்பாய்களைத் தைத்தவர் ஹெட்டி அம்மையார். 1888 மே 13ஆம் நாள் படகு நீரில் இறங்கியது. பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்த நாளும் அதுவே. ஆதலின், 'விடுதலை' என்னும் பொருள்பட 'லிபர்தாதே' என்று அதற்குப் பெயரிட்டனர்.

அடுத்து உணவைக் கணக்கிட்டார். கப்பல் ரொட்டி 120 இராத்தல், உலர்த்திய இறைச்சி 100 இராத்தல், சர்க்கரை 30 இராத்தல், காப்பித்தூள் 9 இராத்தல், ஆரஞ்சுப் பழம் 200, குடிநீர் 120 காலன் என அளந்து ஏற்றினார். காப்பிக் கொட்டையைக் கருக வறுத்து மாவுபோல் இடித்தால் சிறிதளவே நெடுநாள் வரும் என்பதையும் அவர் எண்ணத் தவறவில்லை.

ஜூன் 24ஆம் நாள் பயணம் தொடங்கியது. தொடக்கத்திலேயே புயல் எழுந்து பாய்களைக் கிழித்தெறிந்தது. எத்துணை எண்ணிச் செய்தாலும் கடல் தன் பங்குக்கு ஒன்றைக் கற்பித்தே தீரும் போலும்! அவர்கள் மனந்தளராது துறைமுகம் ஒன்றில் ஒதுங்கினர். அங்கிருந்து நீராவிக் கப்பல் ஒன்று படகை இரியோ நகர்வரை இழுத்துச் சென்றது. அம்மையாரும் இளைய மகனும் அக்கப்பலில் ஏறினர். தந்தை படகைச் செலுத்த, மூத்த மகன் விக்டர் கோடரியேந்தி முனையில் நின்றான். இடர் நேரின் இழுகயிற்றை நொடியில் வெட்டுதற்கே அக்காவல்!

பழுது நீங்கியபின் பயணம் தொடர்ந்தது. பாகியா, பெர்னம்புகோ முதலிய துறைகளில் தங்கி, ஏறத்தாழ 5,500 மைல் கடந்து, அக்டோபர் இறுதியில் தென் கரோலினாக் கரையை நால்வரும் நலமே அடைந்தனர்.

அவர்களைக் கரை சேர்த்தது காற்று மட்டுமன்று. அளந்து வைத்த நீரும், குடும்பத்தார் பகிர்ந்துகொண்ட உழைப்பும், கயிற்றருகே காத்துநின்ற கோடரியும் அவர்களைக் கரை சேர்த்தன. வரும் இடரை முன்னரே எண்ணிப் பார்ப்பது அச்சமன்று. அதுவே துணிவின் முதற்படி.