கிளட்ச் இல்லாத வண்டியும் கொண்டை ஊசி வளைவும்

மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துவிட்டு மலையேறக் கிளம்பும் கார்களில், இப்போதெல்லாம் கிளட்ச் மிதி இல்லாதவை நிறைய. 2014-இல் மாருதி செலேரியோ ஏ.எம்.டி. கியர்பாக்ஸோடு வந்த பிறகு, ஆட்டோமேட்டிக் என்றால் வசதியானவர்கள் வண்டி என்ற எண்ணம் போய்விட்டது. கோவை, திருப்பூர், ஈரோட்டுக் குடும்பங்கள் பல அந்த வண்டிகளில்தான் ஊட்டிக்குப் போகின்றன. காந்திபுரம் நெரிசலில் இடது காலுக்கு வேலையே இல்லை என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்கும் தெரியும். 'டி'யில் போட்டுவிட்டால் மிச்சத்தை வண்டி பார்த்துக்கொள்ளும். சமவெளியில் அது சரி. அதே நம்பிக்கையோடு கல்லாறு தாண்டி மேலே வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

போன கோடையில் நாங்கள் இரண்டு கார்களில் போனோம். என்னுடையது டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக். பின்னால் வந்த மச்சானுடையது ஏ.எம்.டி. என் பக்கத்து இருக்கையில் சித்தப்பா. நீலகிரி ரூட்டில் வருடக்கணக்கில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். சீசன் ஏற்பாட்டின்படி சுற்றுலா வண்டிகள் ஏறுவதற்குக் குன்னூர் சாலை, இறங்குவதற்குக் கோத்தகிரி சாலை. இ-பாஸ் சோதனை முடிந்து பாக்குத் தோப்புகளைத் தாண்டியதும் சாலை நிமிரத் தொடங்கியது. குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை உண்டு.

பர்லியாருக்கு முன்பே வண்டிகள் நின்றுவிட்டன. மேலே ஒரு வளைவில் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி வளைவில் பஸ்ஸுக்கு முழுச் சாலையும் வேண்டும். அதுவரை மற்றவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். ஏற்றத்தில் என் கார் பிரேக்கை விட்டாலும் உடனே பின்வாங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தால், மச்சான் கார் ஒரு முழம் பின்னால் போவதும் உறுமிக்கொண்டு முன்னால் வருவதுமாக இருந்தது. அவருக்குப் பின்னால் ஒரு வேன். சித்தப்பா கதவைத் திறந்து இறங்கிப் போனார்.

"மாப்ள, ஆக்சிலேட்டர மிதிச்சு வண்டிய நிறுத்தாதீங்க. ஹேண்ட்பிரேக்க இழுத்துருங்க. கெளம்பறப்ப லேசா மிதிங்க. வண்டி இழுக்கறது தெரிஞ்சப்பறம் பிரேக்க உடுங்க."

அதற்குள் கிளட்ச் கருகும் வாடை எங்கள் கார் வரை வந்துவிட்டது.

இரண்டும் ஆட்டோமேட்டிக் என்றுதான் விற்கிறார்கள். ஆனால் உள்ளே இருப்பது வேறு வேறு. டார்க் கன்வெர்ட்டரில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய் சுழல்கிறது. நின்றிருக்கும்போதும் அந்த எண்ணெய் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் மிதமான ஏற்றத்தில் வண்டி சற்று நிலைக்கும். ஏ.எம்.டி. என்பது நாம் பழகிய அதே கிளட்ச், அதே கியர்பாக்ஸ்தான். காலும் கையும் செய்த வேலையை மோட்டாரும் கம்ப்யூட்டரும் செய்கின்றன. ஆக்சிலேட்டரால் மட்டும் ஏற்றத்தில் நிறுத்திவைத்தால் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் உரசிக்கொண்டே இருக்கும். சில நிமிடங்களில் சூடேறிவிடும். ஹில் ஹோல்ட் வசதி இருந்தாலும் அது பிரேக்கைப் பிடித்துவைப்பது ஏறக்குறைய 2 வினாடிகள்தான். வலது கால் பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்குப் போகக் கொடுக்கும் அவகாசம் அது. வண்டியை நிறுத்திவைக்கும் ஏற்பாடு அல்ல.

பர்லியாரில் மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு மேலே போனோம். அதன்பின் நான் வளைவுகளில் 'எம்'முக்கு, அதாவது கியரை நாமே தேர்ந்தெடுக்கும் நிலைக்கு, மாற்றி இரண்டாவது கியரிலேயே ஓட்டினேன். 'டி'யில் விட்டால் வளைவுக்குள் கால் எடுத்ததும் வண்டி மூன்றுக்குப் போகும்; வளைவு முடிந்து மிதித்தால் யோசித்துவிட்டு இரண்டுக்கு இறங்கும். அந்த யோசிக்கும் நேரத்தில் வேகம் செத்துவிடும். சாலை குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டமே. ஏற்றத்தில் வேகம் இழந்த வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம் என்பதுதான் அதற்குக் காரணம். இறங்குகிறவர்களில் பலர் லைட்டை அடித்துக்கொண்டு நேரே வந்தார்கள். நான் ஒதுங்கி நின்றேன்.

சாலையிலிருந்து சில இடங்களில் மலை ரயில் பாதை தெரியும். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் திறக்கப்பட்ட பாதை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு ஓர் அடி என்ற அளவில் செங்குத்தான ஏற்றம் இருக்கிறது. சாதாரணத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும் என்பதால் நடுவே பல் வைத்த இரும்புப் பாளத்தைப் பதித்தார்கள். இன்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. ஏறும்போது இன்ஜின் பின்னால் நின்று தள்ளும். இறங்கும்போதும் அதே இன்ஜின் பள்ளத்துப் பக்கம் நின்று பெட்டிகளைத் தாங்கும். அது போதாதென்று பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்மேன். நூறு வருடத்துக்கு முன்பே அந்த மலையைப் படித்தவர்கள், ஒரே பிடியை நம்பி எதையும் விடவில்லை. மலையில் கார் ஓட்டும் எல்லோரும் அந்த ரயிலை ஒருமுறை கீழே நின்று கவனிக்க வேண்டும் என்பேன்.

குன்னூரில் தங்கியதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிம்ஸ் பூங்கா, டால்பின் நோஸ், மழை. இறங்குவதுதான் இந்தக் கட்டுரையின் முக்கிய விஷயம்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். அந்தத் தூரத்தில் ஏறக்குறைய 1500 மீட்டர் கீழே வருகிறோம். ஆட்களும் பெட்டிகளும் சேர்த்து கார் 1500 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது செலவாக வேண்டிய ஆற்றல் சுமார் 22 மெகா ஜூல். 70 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான சூடு அது. இதில் ஒரு பங்கு காற்றுக்கும் டயருக்கும் போகும். மிச்சத்தை இன்ஜின் வாங்க வேண்டும், அல்லது பிரேக் வாங்க வேண்டும். வேறு வழியில்லை.

ஆட்டோமேட்டிக் வண்டியின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. இறக்கத்தில் நாம் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறோம். 'இவருக்கு இப்போது சக்தி தேவையில்லை, பெட்ரோலை மிச்சம் பிடிப்போம்' என்று கணக்குப் போட்டு வண்டி மேல் கியருக்கு மாறுகிறது. மேல் கியரில் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்; வண்டியைப் பிடித்து இழுக்காது. வேகம் கூடும். நாம் பிரேக்கை மிதிப்போம். காலை எடுத்தால் மறுபடி வேகம். இப்படிக் கீழே வரும்வரை மிதித்துக்கொண்டே வருகிறோம். இறக்கத்தை உணர்ந்து தானே கியரைக் குறைக்கும் வண்டிகளும் இருக்கின்றன. ஆனால் நம் வண்டி அப்படிப்பட்டதா என்று மலையில் வைத்துச் சோதிக்க வேண்டாம்.

"எந்த கியர்ல ஏறுனயோ அந்த கியர்லயே எறங்கோணும் கண்ணு" என்றார் சித்தப்பா, கோத்தகிரி ஊர் எல்லை தாண்டியதுமே. லாரிக்காரர்களும் பஸ்காரர்களும் தலைமுறையாகச் சொல்லி வருவது இது. கிளட்ச் இல்லாத வண்டிக்கும் இதில் விலக்கு கிடையாது. 'எம்' இருந்தால் இரண்டு, மிகச் செங்குத்தான இடத்தில் ஒன்று. சி.வி.டி. என்ற இன்னொரு வகை ஆட்டோமேட்டிக்காக இருந்தால் 'எல்' அல்லது 'எஸ்'. கியரைக் குறைத்ததும் இன்ஜின் இரையும், முள் 3000-ஐத் தாண்டும். புதிதாக ஓட்டுகிறவர்கள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து மறுபடி 'டி'க்குப் போய்விடுகிறார்கள். பயப்பட ஒன்றுமே இல்லை. முள் சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழேதான் இருக்கிறது. வண்டியின் பாரத்தை இன்ஜின் தாங்குகிற சத்தம் அது.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் நம்புகிறவர்கள் உண்டு. இது தவறு. இன்றைய வண்டிகளில், கியரில் இருந்து கொண்டு காலை எடுத்து இறங்கும்போது இன்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் எரிகிறது. மிச்சமும் இல்லை, பிடியும் இல்லை.

அரவேனு தாண்டியதும் பல திருப்பங்களில் பிரேக் வாடை வந்தது. எங்கள் வண்டிகளுடையது அல்ல. ஓரமாக நிறுத்தியிருந்த ஒரு காரின் முன் சக்கரத்தில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா கண்ணாடியை இறக்கி, "தண்ணி ஊத்தாதீங்க சாமி, டிஸ்க் கோணிக்கும். அரை மணி நேரம் சும்மா நிக்க உடுங்க" என்று சத்தம் போட்டுச் சொன்னார். சூடு சக்கரத்தோடு நின்றுவிடுவதில்லை, பிரேக் ஆயிலுக்கும் போகும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் திரவம். ஈரம் ஏறிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், மிதி தரைவரை போகும், சக்கரம் நிற்காது. மலைக்குக் கிளம்பும் முன் டயர் காற்றைப் பார்க்கிறவர்களில் எத்தனை பேர் பிரேக் ஆயிலை மாற்றி எவ்வளவு நாளாயிற்று என்று பார்க்கிறார்கள்? இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

குஞ்சப்பனைக்கு மேலே, பலா மரங்கள் நிற்கும் ஒரு சரிவில் டீக்கடை. இடது பக்கம் மலைச் சுவர். பள்ளத்துப் பக்கம் நிறுத்தவே கூடாது என்பதால் அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. காரின் மூக்கு இறக்கத்தைப் பார்த்திருந்தது.

சரிவில் ஆட்டோமேட்டிக் காரை நிறுத்துவதற்கு ஒரு வரிசை உண்டு. பிரேக்கை மிதித்து நிறுத்து. 'என்'னுக்கு மாற்று. ஹேண்ட்பிரேக்கை இறுக்கி இழு. பிறகு கால் பிரேக்கை மெதுவாக விடு. இப்போது கார் ஒரு விரற்கடை அசைந்து ஹேண்ட்பிரேக்கில் உட்காரும். அந்த அசைவு உட்கார்ந்திருப்பவருக்கே தெரியும். அதற்குப் பிறகுதான் மறுபடி பிரேக்கை மிதித்து 'பி'க்குப் போக வேண்டும்.

வரிசை மாறினால் என்ன ஆகிறது? 'பி' போட்டதும் கியர்பாக்ஸுக்குள் விரல் பருமனுள்ள இரும்புக் கொக்கி ஒன்று பற்சக்கரத்தின் இடுக்கில் விழுகிறது. அவ்வளவுதான் 'பி' என்பது. நேரே 'பி'யில் போட்டுக் காலை எடுத்தால் ஒன்றரை டன்னும் அந்தக் கொக்கியின் மேல் சாயும். கிளம்பும்போது லீவர் சிக்கிக்கொண்டு வராது. பலமாக இழுத்தால் 'டொக்' என்று ஒரு சத்தத்தோடு கார் குலுங்கும். பல சுற்றுலாத் தலங்களில் இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கொக்கியும் பல்லும் கொஞ்சம் தேய்கின்றன. பாரத்தை ஹேண்ட்பிரேக் சுமக்க வேண்டும். 'பி' அதற்குத் துணை.

மச்சான் காரில் 'பி'யே கிடையாது. இங்கே விற்கும் ஏ.எம்.டி. வண்டிகள் பலவற்றிலும் இல்லை. பெரும்பாலோர் நியூட்ரலில் விட்டு ஹேண்ட்பிரேக்கை மட்டும் இழுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். சரிவில் இது ஆபத்து. ஹேண்ட்பிரேக் போட்ட பிறகு, இறக்கம் பார்த்து நிற்கும் காரை 'ஆர்'இல் போட வேண்டும். ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியரில். கியர் விழுந்துவிட்டதா என்று டேஷ்போர்டில் எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் இன்ஜினை அணைக்க வேண்டும். அணைத்ததும் கிளட்ச் பிடித்துக்கொள்ளும், சக்கரத்தை இன்ஜினே தாங்கும்.

ஸ்டியரிங்கைச் சுவர்ப் பக்கம், இடதுபுறம் ஒடித்து வைத்தோம். கார் நகர்ந்தாலும் மண் சுவரில் முட்டி நிற்கும். நடைபாதை விளிம்பு இருக்கும் ஊர்ச் சாலையில் ஏற்றம் பார்த்து நிறுத்தினால் மட்டும் வலதுபுறம் ஒடிக்க வேண்டும். பின்னால் உருண்டால் முன் டயர் விளிம்பில் முட்டிக்கொள்ளும்.

கடைசியாகச் சித்தப்பா ஓரத்திலிருந்து இரண்டு கற்களைக் கொண்டுவந்து, இரண்டு கார்களின் முன் டயருக்கும் முட்டுக் கொடுத்தார். டீ குடித்தோம். கிளம்பும்போது அவர் எங்களை உடனே வண்டியை எடுக்க விடவில்லை. "கல்ல யாரு எடுப்பாங்க?" என்று கேட்டார். நாங்கள் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, கற்களை எடுத்துச் சுவரோரம் போட்ட பிறகே ஏறினார்.

மலைச் சாலை நெடுக, முட்டுக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டுப்போன கற்கள் கிடக்கின்றன. இருட்டிலும் பனியிலும் அவை தெரிவதில்லை. தேயிலைத் தோட்டத்தில் வேலை முடிந்து இரு சக்கர வண்டியில் வீடு திரும்புகிறவர்களுக்கு அந்தக் கல் போதும். நீங்கள் வைத்த கல்லை நீங்களே எடுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.