குனிந்து எடுத்த அளவு

தோல் தைக்கும் ஊசியின் முனை தட்டையாக, வெட்டும் விளிம்போடு இருக்கும். தோலை அறுத்துக்கொண்டுதான் அது உள்ளே இறங்கும். இழுபடும் பின்னல் துணிக்கான ஊசியின் முனை வேறு. அது உருண்டை. எந்த இழையையும் அறுக்காமல், இரண்டு இழைகளை விலக்கிவிட்டு நடுவே புகுந்து போகும். பள்ளிகொண்டாவில் நான் பார்க்கப் போன அக்காவின் தையல் மெஷின் இழுப்பறையில் இந்த இரண்டு வகை ஊசிகளும் தனித்தனி டப்பாவில் இருக்கின்றன. பகலில் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் தோல். ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகு வீட்டில் துணி. மகளுக்காகச் சைக்கிள் ஓட்டும் உடுப்பு தைக்கிறார்.

“தோல்ல ஒரு தபா ஊசி இறங்கிட்டா ஓட்ட ஓட்டதாம்மா. பிரிச்சுத் தைக்க முடியாது. துணி அப்பிடி இல்ல, எத்தினி தபா வேணா பிரிக்கலாம். அதனாலயே எனக்குத் துணின்னா பயமே இல்ல” என்றார்.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே பாலாற்றங்கரையில் இருக்கிறது பள்ளிகொண்டா. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது ஒரு சுங்கச்சாவடி. கோயிலுக்கு வருகிறவர்களுக்கு ரங்கநாதர் ஊர். இங்கே குடியிருப்பவர்களுக்கு அது கம்பெனி பஸ் வந்து நிற்கும் ஊர். விடிந்தும் விடியாத நேரத்தில் டிபன் பையோடு பெண்கள் சாலையோரம் நிற்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் இந்தத் தோல் பட்டையில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள். அன்று அது பெரும்பாலும் ஆண்கள் வேலை. 1970-களில் பதனிடாத தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியது. அதன் பிறகு முழுத் தோலும், ஷூவின் மேல்பகுதியான அப்பரும், ஷூவும் இங்கேயே தயாராக ஆரம்பித்தன. தையல் பிரிவுகள் பெருகின. மெஷின் முன்னால் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். கம்பெனிக்கு வர முடியாதவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அப்பர்களைக் கையால் கோத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார்கள். இவர்களுக்கு வைப்பு நிதியும் கிடையாது, இ.எஸ்.ஐ.யும் கிடையாது. பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்த கதையை 1996-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நாடறியச் செய்தது. இந்தப் பெண்களின் கைக்குள் எவ்வளவு அறிவு சேர்ந்திருக்கிறது என்பதற்கு அப்படி ஒரு பதிவு இல்லை.

அக்காவின் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள்தான் அவளுடையது. பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போகிறாள், அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்டந்தோறும் நடக்கும் மிதிவண்டிப் போட்டிக்கும் அதையே ஓட்டிப் பழகுகிறாள். அந்தப் போட்டியில் 13 வயதுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகளுக்கு 10 கிலோமீட்டர், அதற்கு மேல் 15 கிலோமீட்டர். விலை உயர்ந்த ரேஸ் சைக்கிளுக்கு இடமில்லை, நம் ஊரில் தயாரான சாதாரண சைக்கிள்தான் ஓட்ட வேண்டும். முதல் பரிசு 5,000 ரூபாய். சைக்கிள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று ஆகிவிட்டால், மீதி வித்தியாசம் காலிலும் மூச்சிலும் இருக்கிறது. உடுப்பிலும் கொஞ்சம் இருக்கிறது.

பெண் பிள்ளைகள் சொல்லத் தயங்குகிற விஷயம் இது, அதனால் இதை விளக்கமாகவே எழுதுகிறேன். சாதாரண லெக்கிங்ஸிலும் பேண்டிலும் நான்கு தையல்கள் வந்து கூடுகிற இடம் கவட்டை. சைக்கிள் சீட்டில் உடம்பின் பாரம் இறங்குவதும் அங்கேதான். நடக்கும்போது அந்த முடிச்சு தெரியாது. ஒரு மணி நேரம் மிதித்தால் வியர்வையும் தையலும் சேர்ந்து தோலை உரித்துவிடும். மகள் ஒரு நாள் நடக்கும் நடையைப் பார்த்துத்தான் அக்கா விசாரித்திருக்கிறார். மருந்து போட்டு முடித்ததும் அந்த லெக்கிங்ஸை உள்பக்கம் திருப்பி விரலால் தடவிப் பார்த்திருக்கிறார்.

“கால் கடிக்காத ஷூன்னா இன்னாம்மா? உள்ள கைய வுட்டா தையல் தட்டக்கூடாது. அவ்ளோதான். இத நான் இருவது வருசமா செஞ்சிகினு கீறேன். அதே வேலதான இது?”

அதே வேலைதான். ஷூ அப்பரில் இரண்டு தோல் துண்டுகள் சேரும் இடத்தில் விளிம்பை முதலில் சீவி மெலிதாக்குவார்கள். ஸ்கைவிங் என்பது அதற்குப் பெயர். தைத்த பிறகு சுத்தியால் தட்டித் தையலைப் படுக்க வைத்து, உள்பக்கம் டேப் ஒட்டுவார்கள். குதிகால் தேயும் இடத்திலும் விரல் மடங்கும் இடத்திலும் தையல் வராதபடி துண்டுகளைப் பிரிப்பார்கள். அக்கா இந்த மூன்றையும் துணிக்குக் கொண்டுவந்துவிட்டார். கவட்டையில் நான்கு தையல் கூடாமல் இருக்க, நீள்வட்டமாக ஒரு தனித் துண்டை வைத்தார். நடுவில் கூடிய தையல்கள் தொடைப் பக்கம் விலகிப் போயின. அந்தத் துண்டின் மேல்தான் பஞ்சுத் திண்டு உட்காரும்.

அந்தத் திண்டு செய்வதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஆம்பூரில் ஷூ சாமான் விற்கும் கடையில் வாங்கிய ஸ்பாஞ்சு அது. ஷூவின் கழுத்துப் பகுதிக்குள் வைக்கிறார்களே, அதே ரகம். பழைய கேலண்டர் அட்டையில் வெட்டிய அச்சை அதன் மேல் வைத்து, பால்பாயின்ட் பேனாவால் கோடு இழுத்தார். முன்பக்கம் குறுகல், பின்பக்கம் அகலம். உட்காரும்போது இரண்டு பக்கமும் பாரம் தாங்குகிற இருப்பெலும்புகள் பெண்களுக்குப் பொதுவாகச் சற்று விலகியே இருக்கும். அதனால் பின்பக்கம் தாராளமாக விட வேண்டும். மகளை மடித்த கெட்டிப் போர்வையில் உட்கார வைத்து, எழுந்ததும் விழுந்திருந்த இரண்டு பள்ளங்களுக்கு நடுவே டேப் வைத்து அந்த அகலத்தைக் கண்டுபிடித்தாராம். பிறகு ஸ்பாஞ்சின் விளிம்பைச் சுற்றி பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சீவினார். கை நிற்கவே இல்லை. சீவி முடித்த விளிம்பு காகிதம் போல ஒன்றுமில்லாமல் முடிந்தது. அதன் மேலும் கீழும் மெல்லிய பின்னல் துணி. திண்டு உள்ளே எங்கே ஆரம்பிக்கிறது என்று என் விரலால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சைக்கிள் உடுப்புக்குள் வைக்கும் இந்தத் திண்டு முதலில் தோலாகத்தான் இருந்தது என்பதை அக்காவிடம் சொன்னேன். ஐரோப்பாவின் பந்தய வீரர்கள் கம்பளிக் கால்சட்டைக்குள் ஷமோய் என்ற மெல்லிய தோலை வைத்துத் தைத்துக்கொண்டார்கள். கார் கண்ணாடி துடைக்க விற்கும் மஞ்சள் தோல் அந்த ரகம்தான். பெரும்பாலும் ஆட்டுத் தோலின் உள்படலத்தை மீன் எண்ணெயில் பதனிட்டுச் செய்வது, தண்ணீரை நன்றாக உறிஞ்சும். துவைத்துக் காயப்போட்டால் மட்டும் விறைத்துவிடும், ஒவ்வொரு தடவையும் களிம்பு தடவி இளக்க வேண்டும். 1958-ல் டூபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் ஸ்பாண்டெக்ஸ் இழையைக் கண்டுபிடித்தார். பிற்பாடு கம்பளியின் இடத்துக்கு லைக்ரா வந்தது, தோலின் இடத்துக்குச் செயற்கைத் திண்டு வந்தது. இருந்தும் மேல்நாட்டில் அந்தத் திண்டை இன்றைக்கும் ஷமோய் என்றே கூப்பிடுகிறார்கள். அக்கா இதைக் கேட்டுவிட்டு, எண்ணெயில் பதனிட்ட தோல் வாசனை அடிக்குமே, அதை எப்படிப் போட்டுக்கொண்டு ஓட்டினார்கள் என்றுதான் முதலில் கேட்டார். தோல்காரரின் கேள்வி.

அடுத்தது அளவு. இந்த உடுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். தையல்கடையில் நிற்க வைத்துத்தான் அளவெடுப்பார்கள். சைக்கிளில் யாரும் நிற்பதில்லை. குனிந்து ஹேண்டில்பாரைப் பிடிக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு மடிகிறது. நின்ற அளவில் தைத்த பேண்ட் பின்னால் இறங்கும், முன்னால் சுருண்டு அழுத்தும். அக்கா சைக்கிளை வீட்டுக்குள் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, மகளை ஏறி உட்காரச் சொல்லி, ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயும் இருக்கும்போது டேப் பிடித்தார். இடுப்பின் பின்பக்கம் உயர்ந்தது, முன்பக்கம் தாழ்ந்தது. தரையில் விரித்துப் பார்த்தால் கோணலாகத் தெரிகிற பேண்ட், பிள்ளை சைக்கிளில் ஏறியதும் நேராகிவிடுகிறது.

துணி, எடைக்கு விற்கும் திருப்பூர் கட் பீஸ். முழுப் பருத்தி வேண்டாம் என்பதில் அவருக்கு உறுதி உண்டு. பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே இருக்கும், ஈரத் துணி இன்னும் உரசும். இழுபடும் நைலான் துணியை, உடம்பின் அளவைவிடக் கொஞ்சம் குறைத்து வெட்டுகிறார். வீட்டில் இருப்பது காலால் மிதிக்கும் பழைய மெஷின், நேர்த் தையல் மட்டும்தான் போடும். நேர்த் தையல் போட்ட இழுப்புத் துணியை இழுத்தால் நூல் பட்டென்று அறுந்துவிடும். அதற்காக ஊசிக்கு முன்னும் பின்னும் துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடியே தைக்கிறார். விட்டதும் துணி சுருங்கி, நூல் தளர்வாக உட்காருகிறது. எவ்வளவு இழுப்பது என்பது கைக்குத்தான் தெரியும். அதிகம் இழுத்தால் தையல் அலை அலையாக நிற்கும்.

அதற்கு மேலே போட ஒரு தளர்ந்த பேண்டும் உண்டு. ஊருக்குள் இறுக்கமான உடுப்போடு ஓட்ட மகளுக்கு விருப்பமில்லை, அம்மாவும் கட்டாயப்படுத்தவில்லை. பேண்டின் கால் செயினில் மாட்டாமல் இருக்கக் கணுக்காலில் ஷூவுக்குப் போடும் வெல்க்ரோ பட்டை, பின்பக்கம் விளக்கு பட்டால் மின்னும் நாடா. சர்வீஸ் ரோட்டில் லாரிகளுக்குப் பக்கத்தில் பொழுது சாயும் நேரத்தில் ஓட்டுகிற பிள்ளை அவள். அந்தக் கணுக்கால் பட்டையைப் பார்த்தபோது ஆலிஸ் பைகிரேவ் நினைவுக்கு வந்தார். லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியைச் சேர்ந்த தையல்காரர். நீளப் பாவாடை சக்கரத்தில் சிக்காமல் இருக்க, உள்ளே கயிறும் கப்பியும் வைத்துத் தேவைப்படும்போது தூக்கிக் கட்டிக்கொள்ளும் பாவாடையைத் தைத்து, 1895-ல் காப்புரிமை வாங்கினார். ஊர் வாயிலும் விழாமல் சக்கரத்திலும் விழாமல் ஓட்டுவதற்குப் பெண்கள் செய்த வேலை. புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் கற்ற ஆயிரக்கணக்கான பெண்களும் சேலையை எப்படிச் செருகுவது என்று தாங்களாகவேதான் கண்டுபிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

கம்பெனியில் அக்கா கைக்கு வருவது வெட்டி முடித்த துண்டு. அளவும் டிசைனும் வேறு அறையில் முடிந்துவிடும். எந்தத் தையல் எங்கே உரசும் என்று யாரும் அவரைக் கேட்பதில்லை, ஒரு மணிக்கு எத்தனை ஜோடி என்றுதான் கேட்கிறார்கள். இந்த வீட்டில் அளவு, அச்சு, வெட்டு, தையல், போட்டுப் பார்த்துத் திருத்துவது எல்லாம் அவருடையது. இத்தனையும் தெரிந்த ஒருவரை வெறும் தையல் கூலியாக வைத்திருப்பது அநியாயம் என்று நான் நினைக்கிறேன். பெரிய ஊர்க் கடைகளில் திண்டு வைத்த சைக்கிள் பேண்ட் நல்லதாக வாங்கினால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. அதுவும் எஸ், எம், எல் என்று யாரோ ஒருவரின் உடம்புக்கு வெட்டியது. அக்கா தைத்ததில் கைக்காசு செலவு அதில் சிறு பங்குதான். ஆனால் அவருடைய ராத்திரிகளுக்கு யாரும் விலை போடவில்லை, அவரும் போடவில்லை.

போட்டிக்குப் பழகும் மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். துணிக் காசு மட்டும் போதும் என்று அக்கா ஆரம்பத்தில் சொல்லியிருக்கிறார். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. அளவெடுக்க, வெட்ட, தைக்க ஆகும் நேரத்தை அவளே நோட்டில் குறித்து, கம்பெனியில் அம்மாவுக்கு மணிக்கு என்ன விழுகிறதோ அதற்குக் குறையாமல் கூலி சேர்த்து ஒரு தொகை எழுதி வைத்திருக்கிறாள். விளிம்பு சீவும் வேலையை அவளும் கற்றுக்கொள்கிறாள். ஓவர்லாக் மெஷின் ஒன்று பழையதாகக் கிடைக்குமா என்று குடியாத்தத்தில் விசாரித்திருக்கிறார்கள். கூலி விஷயத்தில் அக்கா இன்னும் கொஞ்சம் இறங்கி வரக்கூடும். ஆனால் தைக்கக் கேட்டு வருகிற பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால்தான் டேப்பையே கையில் எடுக்கிறார்.